கடவுள் துகள் அங்கே எங்கே வந்தது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க.

ஞாயிறு இணைப்பில், ‘உறைந்த அணுக்களுக்குள் கடவுள் துகளைப் பிடித்தார்கள்’ என்று ஒரு வரி. அங்கே யாரும் துகளைப் பிடிக்கவில்லை. அணுக்கள் உறையவும் இல்லை. கடவுள் துகள் எனப்படும் ஹிக்ஸ் துகளை ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வகம் அறிவித்தது 2012 ஜூலை 4. இயற்பியலாளர் இம்மானுவேல் ப்ளாக் குழு ஜெர்மனியில் மியூனிக் அருகே கார்ஷிங்கில், மிகக் குளிர்ந்த அணுக்களில் கண்டது ஓர் அதிர்வு; ஹிக்ஸ் அலை அல்லது வீச்சு அலை என்பார்கள். அதே மாதம் வெளிவந்த வேறு சோதனை அது. கணிதத்தில் மட்டுமே இரண்டுக்கும் உறவு.

தாங்கள் அறியாததல்ல. ஏறத்தாழ 200 ருபிடியம் அணுக்கள். லேசர் கற்றைகளால் உண்டான ஒளி அணிக்கோவையில், அதாவது முட்டைத்தட்டு போல அணுக்களைத் தாங்கும் ஒளிக்குழிகளின் வரிசையில், குழிக்குக் குழி 532 நானோமீட்டர். குழி ஆழம் குறைவாக இருந்தால் அணுக்கள் குழிவிட்டுக் குழி தாவித் திரியும்; உராய்வின்றிப் பாயும் இந்த நிலை மீப்பாய்மம். ஆழத்தைக் கூட்டினால் குழிக்கொன்றாக அடங்கும்; பாயாத இந்த நிலை மாட் காப்பான். இந்த நிலைமாற்ற எல்லைக்கு அருகில் ஆழத்தை 3 சதவீதம் மட்டும், 20 சுற்று ஏற்றி இறக்கினார்கள். ஓங்கி ஆட்டினால் எந்த அதிர்வெண்ணிலும் சூடேறி, தேடும் அலை மறைந்துவிடும். பிறகு ஆழத்தைக் கூட்டி அணுக்களை நிறுத்தி நுண்ணோக்கியில் படம். ஒரே குழியில் இரண்டு இருந்தால் படமெடுக்கும் ஒளியிலேயே இரண்டும் வெளியேறிக் குழி காலியாகத் தெரியும். காலிக் குழிகளின் அந்தக் கணக்கிலிருந்துதான் எவ்வளவு சூடேறியது என்று தெரிகிறது.

ஆட்டும் அதிர்வெண்ணை மாற்றி மாற்றிச் சூட்டை அளந்தும், வரைபடத்தில் கூர்மையான முகடு வரவில்லை. அணுக்களைப் பிடித்துவைக்கும் பொறியின் நடுவில் ஓர் அடர்த்தி, விளிம்பில் வேறு, முகடு பரந்துவிடுகிறது. இரு பரிமாணத்தில் வீச்சு அலை கட்ட அலைகள் எனும் வேறு வகை அலைகளாகச் சிதைவதும் உண்டு. ஆகவே சூடேறத் தொடங்கும் அதிர்வெண்ணைப் பார்த்தார்கள். எல்லையை நெருங்க நெருங்க அது இறங்கியது, கடந்ததும் ஏறியது. கண்டுபிடிப்பே இதுதானுங்க. அது தங்கள் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

மோட்டார் ஓடும் சத்தத்தைக் கேட்டே பேரிங் தேய்ந்ததைச் சொல்லும் கணபதிப் பட்டறைக்காரர்கள் வாசிக்கும் பத்திரிகை இது. அதிர்வை வைத்து உள்நிலையை அறிவது அவர்களுக்கு விளங்காது என்று யார் முடிவு செய்தது?

முன்பு சத்யேந்திரநாத் போஸுக்கு நோபல் கிடைத்ததாக எழுதினீர்கள். இவ்வகைக் குளிர் அணு ஆய்வுக்கு 1924இல் வழிகாட்டியவருக்கு அது கிடைக்கவேயில்லை. அவர் பெயர் தாங்கிய போஸ்–ஐன்ஸ்டீன் ஒடுக்கத்தை, அதாவது மிகுந்த குளிரில் அணுக்கள் ஒரே நிலையில் சேர்வதை, ஆய்வகத்தில் உண்டாக்கியதற்கு 2001இல் கார்னல், கெட்டர்லி, வீமன் பெற்றார்கள். அப்போது அனுப்பிய திருத்தக் கடிதத்துக்கு ஒரு வரி பதிலில்லை. எந்தக் குளிர்ச் செய்தியானாலும் ‘மைனஸ் 273 டிகிரி’ என்று முடித்துவிடுகிறீர்கள். இங்கே பேச்சே ஒரு கெல்வினில் கோடியில் ஒரு பங்குக்கும் கீழே.

முதுநிலை வகுப்புக்குப் பிள்ளைகள் இந்தக் கடவுள் துகளோடுதான் வருகிறார்கள். அதைக் கழற்றிவிட்டுத்தான் பாடத்தைத் தொடங்க வேண்டியிருக்கிறது.

வரும் ஞாயிறு, அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் இரண்டு வரித் திருத்தம் போடுங்க. இடமிருந்தால் அதிர்வெண் இறங்கி ஏறும் வரைபடத்தையும் சேருங்க.

– இயற்பியல் ஆசிரியர், பீளமேடு, கோவை