பந்தயக் குதிரைக்கும் மறுபயிற்சி வேண்டும்

ஆசிரியருக்கு,

கிண்டி பந்தய மைதானத்தின் குத்தகையை அரசு 2024 செப்டம்பரில் ரத்து செய்ததிலிருந்து, அந்த 160 ஏக்கரில் பூங்கா வருமா, குளம் வருமா என்ற செய்திகளைத் தங்கள் நாளிதழில் தொடர்ந்து படித்து வருகிறேன். நிலத்தைப் பற்றிப் பேசுகிறோம், சரி. ஓடி முடித்த குதிரைகளைப் பற்றி யாரும் பேசக் காணோம். பந்தயக் குதிரை இரண்டு வயதிலேயே ஓடத் தொடங்கி, பெரும்பாலும் பத்து வயதுக்குள் ஓய்வு பெற்றுவிடுகிறது. ஆனால் இருபத்தைந்து வயது வரைகூட வாழும். மீதிக் காலத்துக்குச் சவாரிதான் பிழைப்பு என்றால், அதைப் புதிதாகக் கற்றுக்கொடுத்தாக வேண்டும்.

சவாரிப் பள்ளி ஒன்றின் லாயத்தில் உதவியாக இருந்தபோது கண்டது இது: பந்தயத்திலிருந்து வந்த குதிரையை நிறுத்துவதற்காகக் கடிவாளத்தை இழுத்தால், அது தலையை அழுத்திக்கொண்டு இன்னும் வேகமெடுக்கும். ஏறுவதற்காகச் சேணத்தில் தொங்கும் அங்கவடியில் கால் வைப்பதற்குள் நடக்கத் தொடங்கிவிடும். குதிரைக்குத் திமிர் என்றார்கள். அதன் தவறில்லை, பந்தயத்தில் ஓட்டும் ஜாக்கியிடம் பழகியது அப்படி. ஓட்ஸைக் குறைத்து, சில வாரம் மேயவிட்டு, அப்புறம் நடையிலிருந்து ஆரம்பித்தால் பல குதிரைகள் தேறிவிடுகின்றன. பிரிட்டனில் இதற்கென்றே 2000-ஆம் ஆண்டு முதல் ஓர் அறக்கட்டளை இயங்குகிறது. இங்கும் மறுபயிற்சி பெற்றதாகக் கால்நடை மருத்துவர் சான்றளித்த குதிரையை மட்டுமே கடற்கரைச் சவாரிக்கோ பள்ளிகளுக்கோ விற்கலாம் என அரசு விதி செய்யலாம். மறுபயிற்சிச் செலவைப் பந்தயப் பரிசுத்தொகையில் ஒரு பங்காகப் பிடித்துக்கொள்ளட்டும்.

ஒரு வாசகி,
வேளச்சேரி, சென்னை