கோட்டை வாசல் மீன்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு உங்கள் பத்திரிகையில் ஐரோப்பாவின் பழைய புதிர் ஓவியங்கள் பற்றி வந்த கட்டுரையை ஓட்டோவுக்குள் இருந்தபடியே இரண்டு தரம் வாசித்தேன். ஜெர்மன் ஓவியர் ஹோல்பைன் 1533இல் வரைந்த ‘தூதர்கள்’ படம் மனதை விட்டுப் போகவில்லை. கீழ்த் தட்டில் இருக்கும் வாத்தியத்தில் ஒரு நரம்பு அறுந்திருக்கிறது. இரண்டு பேரின் காலடியிலும் கோணலாக ஏதோ இழுத்துவிட்ட மாதிரி ஒரு கறை. நேரே நின்று பார்த்தால் ஒன்றும் விளங்காது. வலப்பக்கம் போய்ச் சரித்துப் பார்த்தால் அது மண்டையோடு.

எனக்கு உடனே எங்கள் திருகோணமலை பிரெட்ரிக் கோட்டை வாசல்தான் ஞாபகம் வந்தது. பத்தொன்பது வருஷமாக அந்த வாசலால் கோணேசர் கோயிலுக்குச் சனத்தை ஏற்றி இறக்குகிறேன். வாசல் கல்லில் இரட்டை மீன் செதுக்கியிருக்கிறது, பாண்டியர் இலச்சினை. கூடவே தேய்ந்துபோன தமிழ் எழுத்துகள். போர்த்துக்கேயர் 1620களில் கோயிலை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டே கோட்டையைக் கட்டினார்கள். பிறகு ஒல்லாந்தர், அப்புறம் ஆங்கிலேயர். கல் மட்டும் இன்னும் வாசலில் நிற்கிறது. சனமோ உள்ளே நிற்கிற மான்களைத்தான் தேடும்.

போன மாதம் வவுனியாவிலிருந்து ஒரு அம்மாவும் ஏழெட்டு வயதுப் பொடியனும் வந்தார்கள். ஓட்டோவை வெளியே விட்டுவிட்டு வாசலடிக்கு நடத்திக் கூட்டிப்போனேன். உச்சி வெயில், கல் வெறும் கல்லாகத்தான் தெரிந்தது. கைபேசி வெளிச்சத்தைக் கல்லோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தேன். முதலில் ஒரு வால், பிறகு முதுகின் வளைவு, அதன் பக்கத்தில் மற்றது. பொடியன் விரலை நீட்டி, கல்லில் படாமலே, இரண்டையும் சுற்றிக் கோடு போட்டான். “மாமா, இது என்ன மீன்?” என்றான். கயல் என்றேன்.

அந்த எழுத்துகள் சொல்வதாக எங்கள் ஊரில் வழிவழியாக வரும் பாட்டு, “முன்னே குளக்கோட்டன் மூட்டு திருப்பணி” என்று தொடங்கும். குளக்கோட்டன் என்பது கோணேசர் கோயில் திருப்பணி செய்ததாகச் சொல்லப்படும் அரசன். பறங்கி, அதாவது போர்த்துக்கேயன், அந்தத் திருப்பணியைப் பிரிப்பான், பூனைக்கண்ணன், செங்கண்ணன், புகைக்கண்ணன் ஆள்வார்கள் என்று போகும். வந்து ஆண்ட மூன்று சாதியாரையும் கண்ணின் நிறத்தால் சொன்னது என்பார்கள் பெரியவர்கள். ஹோல்பைனின் மண்டையோட்டுக்கு இது எந்த விதத்தில் குறைந்தது?

என் வேண்டுகோள் சின்னது. அந்த மீனுக்குப் பக்கத்தில், நடந்து வருகிறவர்கள் நின்று வாசிக்கிற உயரத்தில், தமிழ், சிங்களம், ஆங்கிலத்தில் ஒரு பலகை வேண்டும். மேலே இருந்து விளக்குப் போட்டால் பிரயோசனமில்லை. பக்கவாட்டில், தாழ்வாக ஒன்று போட்டால் போதும். கல்லில் பெயின்டோ சுண்ணாம்போ யாரும் தொடக்கூடாது. ஏற்கெனவே தேய்ந்த எழுத்து, இன்னொரு பூச்சைத் தாங்காது.

உங்கள் படப்பிடிப்பாளர் வருவதென்றால் பொழுதுபட்ட பிறகு வரட்டும். டோர்ச்சோடு நான் கூட வருகிறேன்.

இப்படிக்கு,
ஓர் ஓட்டோச் சாரதி,
திருகோணமலை