இன்ஜினை இறக்கினோம், அதாவது ஏற்றினோம்

அன்புள்ள பங்காளி,

உன் கடிதம் வந்து இருபது நாள் ஆகிறது, பதில் போடவில்லை என்று திட்டிக்கொண்டிருப்பாய். முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். மாடிப்படி ஏறாதே என்று டாக்டர் சொன்னால் ஏறாதே, ஒன்றைச் செய்யாதே என்றால் அதைத்தான் முதலில் செய்வாய் என்று எனக்குத் தெரியும். இங்கே எல்லோரும் சுகம். பெரியவள் மறுபடி வேலை மாறி இப்போது சிறுசேரிக்குப் போய்வருகிறாள், எண்ணூரிலிருந்து சிறுசேரிக்கு, நினைத்துப் பார். ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு.

சரி, மச்சினன் படகைப் பற்றிக் கேட்டிருந்தாயே, அந்தக் கூத்தில்தான் பதில் தள்ளிப்போனது.

28 அடி ஃபைபர் படகு, உள்ளே இரண்டு சிலிண்டர் டீசல் இன்ஜின். மார்ச் கடைசியில் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தால் ஆயில் கறுப்பாக இல்லை, பால் தூக்கலாகப் போட்ட டீ மாதிரி இருந்தது. உனக்குச் சொல்லவே வேண்டாம், தண்ணீர் கலந்துவிட்டது. அதிலும் கடல் தண்ணீர், விட்டால் பேரிங், கிராங்க் எல்லாவற்றையும் தின்றுவிடும். காசிமேட்டில் கொடுக்கலாம் என்று பார்த்தால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், அந்த 61 நாளில்தான் விசைப்படகு எல்லாம் பெயிண்ட், பலகை, இன்ஜின் என்று கரையில் வேலை பார்க்கும். அந்த நேரத்தில் மெக்கானிக்கைப் பிடிப்பது வைகாசி முகூர்த்தத்துக்குக் கல்யாண மண்டபம் பிடிப்பது மாதிரி. "மாமா, நீங்க முப்பது வருஷம் டெப்போவில் இன்ஜின் இறக்கினவர்தானே" என்று மச்சினன் ஆரம்பித்தான். எனக்கும் கை அரித்தது, ஒத்துக்கொண்டேன்.

படகை டிராலியில் ஏற்றி டிராக்டரில் கட்டி எங்கள் தெருவுக்குள் கொண்டுவந்த அன்று பார்த்திருக்க வேண்டும். இரண்டு பையன்கள் முன்னால் போய் கேபிள் டிவி வயரைக் கம்பால் தூக்கிப் பிடிக்க, அம்மன் ஊர்வலம் மாதிரி மெதுவாக வந்து சேர்ந்தது. வீட்டுப் பக்கவாட்டில் கிணற்றை ஒட்டி நிறுத்தினோம்.

இன்ஜினைத் தூக்குவதுதான் பெரிய வேலை என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். கியர் பாக்ஸோடு சேர்த்து 200 கிலோ இருக்கும், நம் பஸ் இன்ஜினில் பாதிகூட இல்லை. அது ஒரு காலை வேலை. அதற்கு முன்னால் கழற்றியதுதான் நாலு நாள் ஆனது, அதுவும் அக்னி நட்சத்திர வெயிலில், விடிகாலை ஐந்தரைக்கு ஆரம்பித்து ஒன்பது மணிக்கு மூடிவிடுவோம். பேட்டரி வயர், டீசல் பைப், சைலன்சர் ஹோஸ், தண்ணீர் ஹோஸ், ஆக்சிலேட்டர் கேபிள், கியர் கேபிள், இதெல்லாம் சுலபம். ஒவ்வொன்றிலும் டேப் ஒட்டி நம்பர் எழுதி, பேத்தியை விட்டு போனில் படம் எடுக்கச் சொன்னேன். போல்ட்டுக்கு வீட்டில் பழைய இட்லித் தட்டைக் கேட்டு வாங்கினேன். நாலு தட்டு, தட்டுக்கு நாலு குழி, மேல் தட்டு முழுக்க இன்ஜின் மவுண்டிங், ஒரு மவுண்டிங்குக்கு ஒரு குழி. அடியில் உயரம் சரிசெய்ய வைத்திருந்த தகடுகள் ஒரு பக்கம் இரண்டு, ஒரு பக்கம் மூன்று, அது மாறிப்போனால் தொலைந்தோம். நீ பஸ்ஸில் போல்ட்டை எல்லாம் கம்பியில் கோத்து மாலையாகத் தொங்கவிடுவாயே, அதைவிட இது நல்ல ஏற்பாடு என்று தைரியமாகச் சொல்கிறேன். அந்தத் தட்டு இனிமேல் சமையலறை வாசலை மிதிக்கக்கூடாது என்று உத்தரவு ஆகிவிட்டது.

கதையே கப்ளிங்கில்தான். கியர் பாக்ஸையும் வெளியே புரொப்பெல்லருக்குப் போகிற ஷாஃப்டையும் சேர்க்கிற கப்ளிங், நாலு போல்ட். அது இருக்கிற இடத்தில் ஒரு கை போகும், இரண்டாவது கைக்கு இடம் கிடையாது. இன்ஜின் மேலே குப்புறப் படுத்து, தலை கீழே தொங்க, டீசல் நாற்றம் மூக்கில் ஏற, கண்ணால் பார்க்காமல் விரலால் தடவித்தான் ஸ்பானரை மாட்ட வேண்டும். இரண்டு ராத்திரி டீசல் ஊற்றி ஊறவைத்ததில் மூன்று போல்ட் முனகிக்கொண்டே வந்துவிட்டது. நாலாவதில் தலை மழுங்கிவிட்டது. ரிங் ஸ்பானர் சுற்றுகிறது, போல்ட் சுற்றவில்லை. கேஸ் வைத்துச் சூடு காட்டலாம் என்றான் மச்சினன். அடியில் டீசல் தேங்கியிருக்கிறது, சுற்றிலும் ஃபைபர், சூடு காட்டினால் இன்ஜினோடு படகும் போய்விடும் என்று அதட்டினேன். கடைசியில் ஹேக்ஸா பிளேடை மட்டும் எடுத்து ஒரு முனையில் துணி சுற்றிக்கொண்டு, ஒரு தடவைக்கு ஒரு அங்குலம்தான் போய்வரும், அப்படியே அறுத்தோம், ஆளுக்குப் பத்து நிமிஷம் என்று முறை வைத்து. ஒன்றே முக்கால் மணி நேரம், பங்காளி. உன் இடது கை அங்கே இருந்திருந்தால் அந்தத் தலை மழுங்கியிருக்காது.

அப்புறம் கடப்பாரையால் நெம்பி ஷாஃப்டைப் பின்னால் தள்ளினோம். தண்ணீரில் நிற்கிற படகில் இதை இப்படி அலட்சியமாகச் செய்யக்கூடாது, ஷாஃப்ட் நழுவி வெளியே போனால் அந்த ஓட்டை வழியாகக் கடல் உள்ளே வந்துவிடும். கரையில் அந்தப் பயம் இல்லை.

தூக்கின அன்று சவுக்குக் கட்டையில் இரண்டு பக்கமும் கவை கட்டி நிறுத்தி, மேலே இரும்பு பீம் போட்டு, வாடகைக்கு எடுத்த, ஒரு டன் தூக்குகிற செயின் பிளாக்கை மாட்டினோம். நாம் எப்போதும் 'இன்ஜினை இறக்குவது' என்றுதானே சொல்வோம், இங்கே ஏற்ற வேண்டியிருக்கிறது! கியர் பாக்ஸ் பக்கம் கனம் என்பதால் பின் சங்கிலியை ஒரு கண்ணி குறைத்துப் போட்டேன், சாயாமல் எழுந்தது. படகின் விளிம்பு தாண்டி இன்ஜினை எப்படி நகர்த்துவது என்று எல்லோரும் யோசித்துக்கொண்டிருந்தார்கள். நகர்த்தவே இல்லை. இன்ஜின் அந்தரத்தில் தொங்க, அடியிலிருந்து டிராலியோடு படகை உருவிவிட்டோம். பிறகு மெதுவாக இறக்கி லாரி டயர் மேல் உட்காரவைத்தோம். இதற்காகவாவது நீ கை தட்ட வேண்டும்.

தண்ணீர் எப்படி ஆயிலுக்குப் போனது என்று கேட்பாய். கடல் தண்ணீர் பம்ப்பில் தண்ணீருக்கு ஒரு சீல், ஆயிலுக்கு ஒரு சீல், இரண்டுக்கும் நடுவே அடியில் ஒரு சின்ன ஓட்டை. தண்ணீர் சீல் போனால் அந்த ஓட்டை வழியாகச் சொட்டும், நமக்குத் தெரிந்துவிடும். பம்ப்பைக் கழற்றிப் பார்த்தால் ஓட்டையையே காணோம். குண்டூசியால் சுரண்டினால் பச்சைப் பெயிண்ட் வருகிறது. போன ஆயுத பூஜைக்கு மச்சினன் இன்ஜினுக்கு பளபளவென்று பெயிண்ட் அடித்து சந்தனம், குங்குமம் வைத்தானே, அப்போது அந்த ஓட்டைக்கும் சேர்த்து அடித்திருக்கிறான். வெளியே போக வழியில்லாத தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. அவன் முகத்தைப் பார்த்து நான் ஒன்றும் சொல்லவில்லை. அவன் அக்கா சொல்லிவிட்டாள்.

கிராங்க் தப்பித்தது, பேரிங் மட்டும் மாற்ற வேண்டும், ஹெட் லேத்துக்குப் போயிருக்கிறது. ஜூன் 14-க்குள் படகைத் தண்ணீரில் இறக்கிவிடலாம். கரையில் நிற்கும்போது ஒரு வடிவம், மிதக்கும்போது ஒரு வடிவம் என்பதால் கப்ளிங் அலைன்மெண்ட்டைத் தண்ணீரில் வைத்துத்தான் கடைசியாகப் பார்க்க வேண்டும். நாலு அங்குல கப்ளிங்கில் சுற்றிலும் இடைவெளி வித்தியாசம் 0.1 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. அந்த இடைவெளியை அளக்க, கடையில் கிடைக்கிற ஃபில்லர் கேஜ் ஒன்றும் எனக்குத் திருப்தியாக இல்லை. நீ ரிட்டயர் ஆன அன்று என் டூல் பாக்ஸிலிருந்து எடுத்துக்கொண்டு போனாயே, அதை உடனே கூரியரில் அனுப்பு. நடக்க முடிந்தால் நீயே எடுத்துக்கொண்டு வா, படகில் ஏற்றமாட்டேன், கரையில் நாற்காலி போடுகிறேன்.

உன் பழைய கூட்டாளி