விளம்பரத்தில் மருத்துவர் பெயர் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் முடி நடும் சிகிச்சை பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். எழுதியதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் முழுக்க ஆண்களின் வழுக்கையைப் பற்றித்தான் பேச்சு, பெண்களுக்குக் கடைசியில் ஒரே ஒரு வரி. கட்டுரைக்குப் பின்பக்கத்தில் ஒரு முழுப்பக்க விளம்பரம் வேறு. தள்ளுபடி உண்டு, தவணை உண்டு என்றெல்லாம் போட்டிருந்தார்கள். சிகிச்சை செய்யப்போவது யார் என்பது மட்டும் எங்கேயும் இல்லை.

நான் மருத்துவம் படித்தவள் இல்லை. மதுரையில் மாமனார் காலத்திலிருந்து சவுரி கட்டுகிற குடும்பம் எங்களுடையது. அப்போது கல்யாணப் பெண்களுக்குச் சவுரி, ஸ்பெஷல் நாடகக்காரர்களுக்கு டோப்பா. இப்போது அதிகம் போவது டாப்பர், அதாவது உச்சியில் மட்டும் கிளிப் போட்டு மாட்டுகிற சின்ன விக். விக் விற்கிறவள் சொல்கிறாள் என்பதை மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள், எனக்கு வருத்தமில்லை.

ஆண்களுக்கு நெற்றி ஏறும், உச்சியில் வட்டம் விழும். பெண்களுக்குப் பெரும்பாலும் முன்வரிசை முடி அப்படியே இருக்க, வகிடு மட்டும் அகலமாகிக்கொண்டே போகும். நடுவதற்கு முடி எடுப்பது பின்தலையிலிருந்து. அந்த இடத்து முடி சுலபத்தில் கொட்டாது என்பதை நம்பித்தான் அந்தச் சிகிச்சையே நடக்கிறது. ஒன்றுக்கு இரண்டாக எதுவும் முளைப்பதில்லை, பின்னால் இருப்பது முன்னால் வருகிறது, அவ்வளவுதான். நிறையப் பெண்களுக்குப் பின்தலையிலும் முடி மெலிந்திருக்கும். அதை எடுத்து நட்டால் அதுவும் நிற்காது. பெண்களுக்கு நடவே கூடாது என்று சொல்லவில்லை, பொருந்துகிறவர்கள் குறைவு. இதைத்தான் உங்கள் கட்டுரை விரிவாகச் சொல்லியிருக்க வேண்டும்.

கல்லூரியில் பாடம் எடுக்கிற ஒரு பெண் வந்தார். "டியூப்லைட்டுக்குக் கீழே போட்டோ எடுத்தாலே மண்டை தெரியுதுக்கா" என்றார். ஒரு கிளினிக்கில் முன்பணம் கட்டச் சொல்லியிருக்கிறார்கள். ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார்களா என்று கேட்டேன், இல்லை. முதலில் தோல் மருத்துவரைப் பாருங்கள் என்று அனுப்பிவைத்தேன். தைராய்டு கோளாறு என்று தெரிந்தது. இப்போது அதற்கு மாத்திரை சாப்பிடுகிறார். டாப்பரையும் விடவில்லை, கல்யாணம் காட்சிக்குப் போட்டுக்கொண்டு போகிறார்.

டெங்கு, டைபாய்டு, பிரசவம் என்று ஏதாவது வந்துபோய் இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறதென்று அழுதுகொண்டு வருகிறவர்களுக்கு நான் எதையும் விற்பதில்லை. பெரும்பாலும் அது சில மாதங்களில் தானாக நின்று திரும்ப வளர்ந்துவிடும். ரத்தத்தில் இரும்புச் சத்து குறைந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்கச் சொல்வேன். புழுவெட்டு கண்டவர்கள் சின்ன வெங்காயத்தைத் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொண்டு வருகிறார்கள். நம் உடம்பின் எதிர்ப்பு சக்தியே முடி வேரைத் தாக்குவதால் வருவது அது. தோல் மருத்துவர் அந்த இடத்தில் ஊசி போடுவார், சின்ன வட்டமாக இருந்தால் பலருக்குத் தானாகவே மூடிவிடும்.

மருந்து என்று பார்த்தால் ஆண் பெண் இருவருக்கும் சொல்லப்படுவது தலையில் தடவும் மினாக்சிடில். ரத்தக் கொதிப்புக்கு மாத்திரையாக இருந்தது. சாப்பிட்டவர்களுக்குக் கண்ட இடத்திலும் முடி வளர்வதைப் பார்த்துத் தலைக்குக் கொண்டுவந்தார்கள், அமெரிக்காவில் 1988ல் அனுமதி கிடைத்தது. தடவ ஆரம்பித்த முதல் சில வாரங்கள் சிலருக்கு இன்னும் கூடுதலாகக் கொட்டும். பயந்துபோய் அப்போதே விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். பலன் தெரிய நாலு முதல் ஆறு மாதம் பிடிக்கும், நிறுத்தினால் வந்ததும் போய்விடும். வீட்டில் பூனை இருந்தால் ரொம்பக் கவனம், அந்த மருந்து பூனைக்கு விஷம். ஃபினாஸ்டரைடு மாத்திரை ஆண்களுக்கானது, சிலருக்குத் தாம்பத்திய நாட்டம் குறையலாம். கணவருக்கு எழுதிய சீட்டை வைத்து மனைவியும் வாங்கிச் சாப்பிடுகிற கூத்து நடக்கிறது. கர்ப்பமாக இருந்தால் வயிற்றிலிருக்கும் ஆண் குழந்தைக்குக் கெடுதல், உடைந்த மாத்திரையைத் தொடவே கூடாது.

இனி என் தொழில். பழனியிலும் திருப்பதியிலும் காணிக்கையாகக் கொடுத்த முடி ஏலத்துக்குப் போகிறது. எல்லா முடியின் வேரும் ஒரே பக்கமாக இருப்பதால் அது சிக்காது, அதனால் விலை அதிகம். தெருவில் சிக்கு முடி வாங்கிக்கொண்டு பாத்திரம் கொடுப்பவர்களிடம் சேர்வது வேறு ரகம். செயற்கை இழை மலிவு, ஆனால் அடுப்படிச் சூடு பட்டாலே நுனி சுருண்டுவிடும். ஆண்களுக்கான பேட்சை, அதாவது வழுக்கையை மட்டும் மூடுகிற விக்கை, பசையாலோ டேப்பாலோ ஒட்டுவார்கள். மதுரை வெயிலில் வேர்த்தால் அரிக்கும். ஒட்டுவதற்கு முன் காதுக்குப் பின்னால் கொஞ்சம் பசை தடவி ஒரு நாள் பாருங்கள். டாப்பர் போடுகிற பெண்கள் கிளிப்பை ஒரே இடத்தில் குத்த வேண்டாம், அந்த இடத்து முடியும் இழுபட்டுப் போகும். புற்றுநோய்க்கு ஊசி மருந்து ஏற்றப்போகிறவர்கள் முடி இருக்கும்போதே வந்து அளவு கொடுத்துவிட்டால் நல்லது. சிகிச்சை முடிந்ததும் அநேகமாக எல்லோருக்கும் முடி திரும்ப வளரும் என்பதால் விலை கூடிய விக் வேண்டாமென்று நானே சொல்லிவிடுவேன்.

விளம்பர விஷயத்துக்கு வருகிறேன். முடி நடுவது ஊசியும் மரப்பு மருந்தும் சேர்ந்த அறுவை சிகிச்சை. 2016ல் சென்னையில் அதைச் செய்துகொண்ட இளைஞர் ஒருவர் இறந்தார், அவரே மருத்துவ மாணவர். 2022ல் தேசிய மருத்துவ ஆணையம் இதற்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. பயிற்சி பெற்ற, பதிவு பெற்ற மருத்துவர்தான் செய்ய வேண்டும், வீடியோவும் பயிலரங்கும் பார்த்துக் கற்றுக்கொண்டு செய்யக்கூடாது என்கிறது அது. ஆகவே முடி நடும் விளம்பரம் எது வந்தாலும் செய்யப்போகும் மருத்துவரின் பெயரையும் பதிவு எண்ணையும் கேட்டு வாங்கி அச்சிடுங்கள். தர மறுத்தால் விளம்பரத்தைத் திருப்பி அனுப்புங்கள். வருமானம் போகும், தெரியும்.

அப்புறம், பெண்களைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை போடுங்கள். அரசு மருத்துவமனை தோல் பிரிவில் இதற்கெல்லாம் காசில்லாமல் பார்ப்பார்கள் என்பது என்னிடம் வருகிற பலருக்குத் தெரியாது. எந்தக் கிழமை, எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்பதையும் ஊர் வாரியாகச் சேர்த்துப் போட்டால் வெட்டிக் கடையில் ஒட்டிவைப்பேன்.

இப்படிக்கு,
சவுரிக் கடைக்காரர் ஒருவர்,
மதுரை.