உள்ளூர்ப் பணம் சரி, அணி ஊரில் நிற்குமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கனடாவின் சிறுநகரம் ஒன்றில் உள்ளூர் வியாபாரிகள் சிலர் பணம் போட்டு ஜூனியர் ஐஸ் ஹாக்கி அணி தொடங்குவது பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். மனதுக்கு நிறைவான செய்தி. அணியின் பெயர், சீருடை, டிக்கெட் விற்பனை என்று எல்லாம் விவரமாக வந்திருந்தது. இந்த முதலீட்டாளர்கள் நாளைக்கு அணியை விற்க நினைத்தால் என்ன ஆகும் என்பது மட்டும் இல்லை. எனக்கு முதலில் தோன்றிய கேள்வியே அதுதான்.

பிரிட்டிஷ் கொலம்பியாவின் கிரான்புரூக், சுமார் 20,000 பேர் வாழும் ஊர். அங்கே ஆடிய கூட்னி ஐஸ் அணி 2002இல் மெமோரியல் கோப்பையையே வென்றது. கனடிய ஜூனியர் ஹாக்கியில் அதற்கு மேல் ஒரு கோப்பை கிடையாது. 2017இல் வேறு மாகாணத்து நகரமான வின்னிபெக்கைச் சேர்ந்தவர்கள் அணியை வாங்கினார்கள். 2019இல் அணி வின்னிபெக்குக்குப் போய்விட்டது. அங்கேயும் நிலைக்கவில்லை, 2023இல் கைமாறி அமெரிக்காவின் வெனாச்சிக்குப் போனது. கோப்பை வாங்கித் தந்த அணியைக்கூட கிரான்புரூக்கால் பிடித்து வைக்க முடியவில்லை.

பிடித்து வைக்க வழி இருக்கிறது. ஒன்ராறியோவின் கிச்சனர் ரேஞ்சர்ஸ் அணியில், சீசன் டிக்கெட் வாங்கும் ரசிகர்களே நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். சஸ்காச்சுவானில் மூஸ் ஜா, பிரின்ஸ் ஆல்பர்ட், ஸ்விஃப்ட் கரன்ட் அணிகளும் ஊருக்குச் சொந்தமானவை. ஸ்விஃப்ட் கரன்ட் பிரான்கோஸ் அணி 1974இல் பக்கத்து மாகாணமான ஆல்பர்ட்டாவின் லெத்பிரிட்ஜுக்குப் போய், 1986இல்தான் ஊர் திரும்பியது. அதே ஆண்டு டிசம்பர் 30 அன்று அணியின் பேருந்து விபத்துக்குள்ளாகி நான்கு ஆட்டக்காரர்கள் இறந்தார்கள். அந்தத் துக்கத்தோடே எழுந்து 1989இல் மெமோரியல் கோப்பையை வென்றார்கள்.

அந்த அணியின் கதையில் இன்னொரு பக்கமும் உண்டு. கோப்பை வென்றபோது பயிற்சியாளராக இருந்த கிரஹாம் ஜேம்ஸ் தன்னிடம் ஆடிய சிறுவர்களைப் பாலியல் வன்கொடுமை செய்துவந்தார். அந்தச் சிறுவர்களில் ஒருவரான ஷெல்டன் கென்னடி துணிந்து வெளியே சொன்ன பிறகு, 1997இல் ஜேம்ஸுக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. ஊர் தன்னுடையது என்று கொண்டாடிய அணியில் நடந்தது இது. அதனால், பயிற்சியாளருக்குக் கட்டுப்படாத ஒருவரிடம் பையன்கள் நேரில் போய்ப் பேச முதல் நாளிலிருந்தே வழி இருக்க வேண்டும். கோப்பை வந்த பிறகு பயிற்சியாளரைக் கேள்வி கேட்க யாருக்கும் துணிவு வராது.

ஜூனியர் அணிகளில் ஆடுபவர்கள் பெரும்பாலும் 16 முதல் 20 வயதுப் பிள்ளைகள். வீட்டை விட்டு வந்து, 'பில்லட்' என்று சொல்லும் வளர்ப்புக் குடும்பங்களில் தங்குகிறார்கள். வெளியூர் ஆட்டம் முடிந்து பேருந்து விடியற்காலையில் வந்து சேரும். வியர்வையில் ஊறிய கையுறைகளை நிலவறையில் காயப்போட்டுவிட்டு, எதையாவது சாப்பிட்டுப் படுத்து, காலையில் பள்ளிக்கூடம் போக வேண்டும். அந்தச் சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டுத் தூங்காமல் காத்திருக்கும் பில்லட் அம்மாவும் என் கணக்கில் ஒரு முதலீட்டாளர்தான். அணியை விற்கும்போது அவரை யாரும் கேட்பதில்லை.

அப்புறம், முதலீட்டாளர்கள் அணியை வாங்கலாம், ஆனால் ஆடுகளம் பல ஊர்களில் நகராட்சியுடையது. நகரமன்றத்தின் கையில் இருக்கும் பிடி ஆடுகளத்துக்கான குத்தகை ஒப்பந்தம்தான். விற்பதானால் முதல் வாய்ப்பு உள்ளூர்க்காரர்களுக்கே, ஊரை விட்டுப் போவதானால் இத்தனை ஆண்டு முன்னறிவிப்பு என்று அதில் எழுதிக்கொள்ளலாம். அணி வரப்போகிற மகிழ்ச்சியில் இருக்கும் இப்போது கேட்டால் முதலீட்டாளர்கள் ஒப்புக்கொள்வார்கள். நஷ்டம் வந்த பிறகு கேட்டால் நடக்காது.

உங்கள் கட்டுரையாளர் அந்த முதலீட்டாளர்களிடம் மறுபடியும் பேசும்போது, குத்தகையில் என்ன எழுதியிருக்கிறது என்று தயவுசெய்து கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்