ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுப் போனவன்

கோத்தகிரி,
தை மாதக் கடைசி.

அன்புள்ள மாப்ளே,

கடிதம் கிடைத்தது. முட்டி ஆபரேஷன் முடிந்து, கம்பு இல்லாமல் தெருமுனைக் கடை வரை போய் வருகிறாய் என்று படித்ததில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். பேத்தி உன்னை முந்திக்கொண்டு மாடி ஏறுகிறாள் என்று குறைப்பட்டிருக்கிறாய். நீ எந்தக் காலத்தில் யாரை முந்தினாய்? ஹாஸ்டல் மெஸ்ஸுக்கு நீ வந்து சேரும்போது நாலு வருடமும் இட்லி தீர்ந்துதானே இருந்தது.

இங்கே எல்லோரும் சுகம். கரடி ஒன்று இரண்டு தடவை வந்து போனது. தேயிலை வழியாக இறங்கி வந்து ஷெட் கதவைப் பிறாண்டியிருக்கிறது. கோயில் விளக்கு எண்ணெயைக் குடிக்கப் பழகிய கரடிகளுக்கு கார் ஆயில் வாசம் வித்தியாசம் தெரியாதுபோல. பச்சைத் தேயிலை விலை பற்றி மட்டும் கேட்காதே.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவின் அம்பாசடர் கிளம்பிவிட்டது. போன வாரம் பக்கத்தில் இருக்கும் டானிங்டன் வரை போய், காய்கறி வாங்கிக்கொண்டு, யாரும் தள்ளாமல் திரும்பி வந்தேன்.

அது நின்றது 2014-இல். அந்த வருடம் மே மாதத்தில்தான் வங்காளத்தில் உத்தர்பாரா தொழிற்சாலையில் அம்பாசடர் தயாரிப்பே நின்றது. அப்பா அதைப் பேப்பரில் படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆவணியில் அவரும் போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்த அன்று காரை ஷெட்டில் விட்டுப் பூட்டியவன் நான். அப்பா ஞாபகம் தாங்காமல் காரைத் தொடவில்லை என்று ஊரில் சிலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உனக்குத் தெரியும், சோம்பேறித்தனம். அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று 11 வருடம் ஓடிவிட்டது.

"புது பேட்டரி போட்டு செல்ஃப் அடிச்சுப் பாரேன், அவ்வளவுதானே" என்று நீ போனில் சொன்னாய் இல்லையா? நானும் அதைத்தான் செய்ய இருந்தேன், பேட்டரி கூட வாங்கியாகிவிட்டது. நல்லவேளை, பாய் தடுத்தார். கட்டபெட்டு பக்கம் பட்டறை வைத்திருந்தவர், இப்போது மகனிடம் கொடுத்துவிட்டு வீட்டில் இருக்கிறார், எழுபதைத் தாண்டியவர். "பதினோரு வருஷம் பட்டினி கிடந்தவனுக்கு எழுந்ததும் பிரியாணியா போடுவீங்க? கஞ்சியில ஆரம்பிங்க சார்" என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. இத்தனை வருடத்தில் சிலிண்டர் சுவரில் இருந்த எண்ணெய் முழுக்க வடிந்து, அந்த இடத்தில் மெல்லிய துரு படிந்திருக்கும். எடுத்த எடுப்பில் செல்ஃப் அடித்தால் பிஸ்டன் ரிங்குகள் அந்தத் துருவையே அரைத்துக்கொண்டு ஓடும். இங்கே மலை ஈரம் வேறு. அதனால் முதலில் நாலு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் கொஞ்சம் என்ஜின் ஆயில் விட்டு, இரண்டு நாள் அப்படியே ஊறவிட்டோம். மூன்றாம் நாள் டிக்கியிலிருந்து அந்த இரும்புக் கைப்பிடியை எடுத்து, பம்பர் ஓட்டை வழியாக நுழைத்துச் சுற்றினோம். முதலில் அசையவே இல்லை. பிறகு ஒரு முனகல், கால் சுற்று, அரைச் சுற்று. கட்டைவிரலையும் மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துக்கொண்டு பிடிக்க வேண்டும் என்று அப்பா கற்றுக்கொடுத்தது கைக்கு மறக்கவில்லை. எதிர்த்து உதைத்தால் கட்டைவிரல் முறிந்துவிடும்.

ஏர் ஃபில்டருக்குள் எலி குடும்பம் நடத்திவிட்டுப் போயிருந்தது. வயர்களையும் விட்டு வைக்கவில்லை. பழைய ஆயிலை வடித்துப் புதிதாக 20டபிள்யூ-40 ஊற்றினோம். பிளக்குகளுக்குக் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரில் பாயிண்ட் பச்சை பூத்திருந்தது, தேய்த்து இடைவெளி வைத்தார். பிளக் இல்லாமலே செல்ஃப் அடித்து, என்ஜின் தலைமேல் இருக்கும் ராக்கர் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு எண்ணெய் மேலே ஏறிக் கசிவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பிளக்கை மாட்டவே விட்டார். பெட்ரோல் டாங்கைத் தொடவில்லை. ஒரு பாட்டிலில் புது பெட்ரோல் ஊற்றி, பானெட்டில் கட்டித் தொங்கவிட்டு, ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றுவது போலக் குழாய் போட்டுக் கார்புரேட்டருக்குக் கொடுத்தார். ஆறாவது தடவையோ ஏழாவது தடவையோ பிடித்துக்கொண்டது. சைலன்சரிலிருந்து சருகும் எலிப்புழுக்கையும் வெள்ளைப் புகையுமாக வந்தன. பக்கத்து லைன் வீட்டுப் பிள்ளைகள் கைதட்டின. எனக்கும் கொஞ்சம் கண் கலங்கியது, புகைதான் காரணம்.

என்ஜினுக்கு மொத்தம் மூன்றே நாள். மீதி மூன்று மாதம் எதற்கு என்று கேட்பாய்.

பெட்ரோலுக்குக் கொஞ்ச நாள் போனது. டாங்கில் கிடந்தது பெட்ரோலே இல்லை, வார்னிஷ். அந்த வாடை இன்னும் ஷெட்டில் இருக்கிறது. டாங்கை இறக்கி, உள்ளே சங்கிலித் துண்டைப் போட்டுக் குலுக்கிக் குலுக்கித் துரு உதிர்த்தோம். ரப்பர் குழாய்கள், பம்ப் டயஃப்ராம் எல்லாம் புதிது. இப்போது பங்கில் ஊற்றுவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் காலத்து ரப்பர் அதைத் தாங்காது, ஊறி உப்பிவிடும். எத்தனால் காற்றில் உள்ள ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். அதனால் காரை நிறுத்தி வைப்பதாக இருந்தால் டாங்கில் பெட்ரோலைத் தேக்கி வைக்காதே என்கிறார் பாய். கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சின்னத் துளையான ஜெட்டை ஒரு சைஸ் குறைத்தும் போட்டார். 1,800 மீட்டர் உயரத்தில் காற்று கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு கம்மி, அதே ஜெட்டில் பெட்ரோல் அதிகமாகிப் புகை கக்கும். கிளட்ச் தட்டும் ஈரத்தில் ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. என்ஜின் நன்றாகச் சூடான பிறகு கிளட்சை மிதித்தபடி கியரில் போட்டு இரண்டு உதறு உதறினார், விட்டுவிட்டது.

இனி வருவது என் பங்கு. என்ஜின் ஓடுகிறது, ஆனால் வண்டி நகரவில்லை. பின்சக்கரம் இரண்டும் பாறை மாதிரி நின்றன. பாய் ஹேண்ட் பிரேக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "யாரு நிறுத்தினது?" என்றார்.

அப்பா காரை நாலு நாள் நிறுத்துவதாக இருந்தாலும் ஹேண்ட் பிரேக் போட மாட்டார். முதல் கியரில் விட்டு, சக்கரத்துக்குப் பின்னால் ஒரு கல். "லைனிங் டிரம்மோட ஒட்டிக்கும்டா" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பார். ஷெட் தரை கொஞ்சம் சரிவு என்று அன்றைக்கு நான் பலம் கொண்ட மட்டும் இழுத்துவிட்டுப் போயிருக்கிறேன். சக்கரத்தோடு சுற்றும் டிரம்மை, அதை அழுத்தி நிறுத்தும் லைனிங் 11 வருடம் இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. டிரம்மைக் கழற்றவே நாலு நாள். கழற்றியபோது லைனிங் ஷூவை விட்டுப் பெயர்ந்து டிரம்மோடு போய்விட்டது.

அதைத் திறந்த பிறகுதான் மற்றதெல்லாம் தெரிந்தது. பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். உறிஞ்சிய தண்ணீர் வீல் சிலிண்டருக்குள் இறங்கித் துருவாகி, நாலு சக்கரத்திலும் பிஸ்டன் சிக்கிக் கிடந்தது. மாஸ்டர் சிலிண்டரிலும் அதே கதை. கோவையில் ஒரு கடையில் ரப்பர் கிட் வாங்கி வந்து மாட்டினேன், கடை பெயர் வேண்டாம். மூன்றாம் நாளே கசிந்தது. அப்புறம்தான் உன்னைச் சென்னை புதுப்பேட்டை ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளுக்கு அலைய வைத்தேன். ஆபரேஷனுக்கு இரண்டு வாரம் முன்னால் அந்த முட்டியோடு நீ கடை கடையாக ஏறி இறங்கியிருக்கிறாய் என்று உன் மனைவி சொல்லித்தான் தெரிந்தது. மடையா, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

உனக்கு 1984 குஞ்சப்பனை ஞாபகம் இருக்கிறதா? செமஸ்டர் லீவு முடிந்து நாம் இருவரும் பின்சீட்டில். அப்பா மேட்டுப்பாளையத்துக்கு இறக்கிக்கொண்டிருந்தார். காரை எஸ்டேட்டில் செகண்ட் ஹேண்டாக வாங்கி ஒரு வருடம் கூட ஆகவில்லை. செக்போஸ்ட்டுக்கு முன்னால் பிரேக் மிதி தரை வரை போனது. நீ "அங்கிள், எஸ்டேட் அழகா இருக்கு" என்று வெளியே பார்த்துப் பேசிக்கொண்டே வந்தாய், உனக்கு ஒன்றும் தெரியாது. அவர் பதில் சொல்லாமல் இரண்டாவது கியருக்கும் பிறகு முதல் கியருக்கும் தள்ளி, மலைப்பக்க மண்ணில் உரசி நிறுத்தினார். டிரம்மில் தண்ணீர் ஊற்றலாமா என்று நான் கேட்டதற்கு, சூட்டில் வெடித்துவிடும் என்று சொல்லிவிட்டு ஒரு மணி நேரம் பீடி குடித்தார். பிறகு பிரேக் தானாகத் திரும்பி வந்தது.

அது ஏன் என்று 40 வருடம் கழித்து பாயிடம்தான் புரிந்துகொண்டேன். டாட் 3 பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும். ஈரம் ஏறிய பிறகு 140 டிகிரியே போதும். இங்கிருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர்தான், ஆனால் அதற்குள் கிட்டத்தட்ட 1,500 மீட்டர் இறங்க வேண்டும். மிதித்துக்கொண்டே இறங்கினால் டிரம் பழுத்து, ஆயில் கொதித்து, குழாயில் ஆவி நிற்கும். மிதித்தால் ஆவிதான் நசுங்கும், சக்கரம் நிற்காது. ஆறினால் ஆவி மறுபடி திரவமாகிவிடும், அதனால்தான் ஒரு மணி நேரம். இரண்டாவது கியரில் இறங்கச் சொல்லி மலைப்பாதையில் போர்டு வைத்திருப்பது சும்மா இல்லை. எஸ்டேட்காரர்கள் அந்த ஆயிலை எத்தனை வருடமாக மாற்றாமல் வைத்திருந்தார்களோ.

அதனால் கிளப்புவதற்கு நான் அவசரப்பட்டாலும், நிறுத்துவது சரியாகும் வரை பாய் சாவியைத் தன் பாக்கெட்டிலேயே வைத்திருந்தார். லைனிங் ஒட்டி, டிரம் கடைந்து, குழாய் எல்லாம் மாற்றி, ஏர் எடுத்து முடித்தபோது மார்கழி வந்துவிட்டது. டயரும் நாலும் புதிது. பழையது பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பக்கச் சுவரில் நகத்தால் கீறினால் தூளாக உதிர்ந்தது, அடியில் நின்ற இடம் தட்டையாகிவிட்டது. 5.90-15 சைஸ் கிடைக்க அலைந்த கதையை நேரில் சொல்கிறேன்.

இன்னும் மேட்டுப்பாளையம் இறங்கவில்லை. பதிவைப் புதுப்பிக்கும் வேலை பாக்கி இருக்கிறது, 15 வருடம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை செய்ய வேண்டும், நான் இரண்டு தவணை தூங்கியிருக்கிறேன். டானிங்டன் போனதே சட்டப்படி தப்பு, வெளியே சொல்லாதே.

உன் விஜய் சூப்பர் ஸ்கூட்டரை எழுப்பப் போவதாக எழுதியிருக்கிறாய். தயவுசெய்து நேராகக் கிக் அடிக்காதே. உனக்கு இப்போது முட்டி வேறு புதிது. பெட்ரோலை வடித்துவிடு, பிளக் ஓட்டையில் டூ ஸ்ட்ரோக் ஆயில் விட்டு ஒரு நாள் ஊறவிடு. கிராங்க் ஆயில் சீல் காய்ந்திருந்தால் அந்த வழியாகக் காற்றை இழுத்து, ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் என்ஜின் அலறும், அப்போது பதறாமல் அணைத்துவிட்டு சீலை மாற்று. பிரேக்கை முதலில் பார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சித்திரையில் வருகிறேன் என்றாயே, வா. கோடை என்று பாதி ஊர் மலையேறும், முன்கூட்டியே இ-பாஸ் எடுத்துக்கொள். 2024 மே மாதத்திலிருந்து கேட்கிறார்கள், சென்னை வண்டியில் வந்தால் கல்லாறிலோ குஞ்சப்பனையிலோ நிறுத்திவிடுவார்கள். அதற்குள் பதிவு வேலை முடிந்துவிட்டால் நானே மேட்டுப்பாளையம் ஸ்டேஷனுக்கு இறங்கி வருகிறேன். இந்தத் தடவை நீ முன்சீட்டில் உட்கார வேண்டும், இரண்டாவது கியரில் 33 கிலோமீட்டர் ஏறிக்கொண்டே பேசலாம்.

வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

உன்
பழைய ரூம்மேட்

பி.கு: ரப்பர் கிட் பில் எவ்வளவு என்று மூன்று கடிதமாகக் கேட்கிறேன். அப்புறம், அனுப்பியதில் ஒன்று சைஸ் பெரிது. வரும்போது மாற்றி எடுத்து வா, ஆனால் கடைக்கு நீ ஏறாதே, பையனை அனுப்பு.