ஏழாவது புத்தகம் எங்கே? திருகோணமலை நூலகர்களுக்கு ஒரு திறந்த மடல்

திருகோணமலை மாவட்டத்தில் பொது நூலகம், பாடசாலை நூலகம், சனசமூக நிலைய வாசிகசாலை என்று எதையாவது பொறுப்பெடுத்து நடத்துகிற ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும்,

வணக்கம்.

என் பெறாமகளுக்கு 11 வயது, வீடு உப்புவெளியில். போன மாதம் ஒரு சனிக்கிழமை அவளை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு ஹரி பொட்டர் தொடரின் ஏழாவது புத்தகத்தைத் தேடிப் புறப்பட்டேன். மூன்று நூலகம் ஏறி இறங்கினோம். எந்தெந்த நூலகம் என்று எழுதப் போவதில்லை. யாரையும் மாட்டிவிடுவது என் எண்ணம் இல்லை. ஓர் இடத்தில் கணினியில் தட்டிப் பார்த்துவிட்டு இல்லை என்றார்கள். இன்னோர் இடத்தில் பதிவேட்டைப் புரட்டி, விரலை ஒவ்வொரு வரியாக இறக்கி, கடைசியில் தலையை ஆட்டினார்கள். மூன்றாவது இடத்தில் இருந்த அம்மா உண்மையான அன்போடுதான் கேட்டார்: "அதெல்லாம் படமாய் வந்திட்டுதே பிள்ளை, பார்க்கேல்லையா?"

பிள்ளை ஒன்றும் பேசவில்லை. வெளியே வந்து செருப்பை மாட்டும்போது மட்டும், "சித்தி, அப்ப அந்தப் புத்தகம் எங்கட ஊருக்கு வரவே வராதா?" என்றாள்.

இது நேற்று வந்த புத்தகம் இல்லை. 2007 ஜூலை 21, சனிக்கிழமை, லண்டனில் நள்ளிரவு தாண்டி ஒரு நிமிடத்தில் விற்பனைக்கு வந்தது. முதல் 24 மணித்தியாலத்தில் பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் மட்டும் 1 கோடிக்கு மேல் விற்றது. 1997 இல் முதல் புத்தகத்தைக் கையில் எடுத்தவர்களின் பத்து வருடக் காத்திருப்பு அந்த ஓர் இரவோடு தீர்ந்தது. அப்போது என் பெறாமகள் பிறக்கவே இல்லை. அவள் இன்னும் காத்திருக்கிறாள்.

காத்திருப்பு எனக்கும் புதிதல்ல. 2007 இல் எனக்கு 15 வயது. ரியூசனில் பதினொரு பேர் இந்தக் கதையில் பைத்தியமாகத் திரிந்தோம். ஆறாவது புத்தகம் 2005 இல் வந்திருந்தது. அதில்தான் கதையின் வில்லன் வோல்டமோர்ட் தன் உயிரை ஏழு கூறாக்கி, பொருட்களில் ஒளித்து வைக்க நினைத்த விசயம் தெரிய வந்தது. அப்படி உயிர் ஒளித்த பொருளுக்குப் பெயர் ஹோர்க்ரக்ஸ். எங்கே ஒளித்திருப்பான் என்று ஊகிப்பதுதான் அந்த இரண்டு வருடமும் எங்களுக்கு வேலை. கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறு இருக்கிறதே, கிணற்றுக்கு ஒன்றாகப் போட்டிருப்பான் என்று ஒருத்தி சொன்னாள். இல்லை, ஒன்று கட்டாயம் கோணேசர் கோயிலடியில் இராவணன் வெட்டுக்குள்தான் கிடக்கும் என்று இன்னொருவன் அடித்துச் சொன்னான். போய்த் தேடிப் பார்க்க வீட்டில் விடமாட்டார்கள். யுத்தம் நடந்த அந்தக் காலத்தில் ஆறு மணிக்குப் பிறகு முற்றத்தில் நிற்பதற்கே ஏச்சு விழும்.

அம்மம்மாவுக்கு ஒருநாள் இந்த உயிர் ஒளிக்கிற கதையை விளக்கினேன். அவர் பாக்கு வெட்டிக்கொண்டே கேட்டார். முடிவில், "இதென்ன புதுசே? ஏழு கடல் தாண்டி, ஏழு மலை தாண்டி, கிளிக்குள்ள மந்திரவாதி உயிரை வச்ச கதைதானே. கிளியின்ர கழுத்தைத் திருகினால் சரி" என்றார். நாங்கள் இரண்டு வருடமாய் மண்டையைப் பிய்த்துக்கொண்ட விசயம், அவருக்கு ஒரு பாக்கு வெட்டி முடிக்கிற நேரம்.

சரி, அந்த ஜூலைக்கு வருகிறேன். 19 ஆம் திகதி, கிழக்கு முழுவதும் புலிகளிடமிருந்து கைப்பற்றப்பட்டதென்று கொழும்பில் அரசாங்கம் பெரிய விழா எடுத்தது. இரண்டு நாள் கழித்துப் புத்தகம் வருகிறது. லண்டன் நேரத்தை எங்கள் நேரத்துக்கு மாற்றிப் பார்த்தேன்: அதிகாலை 4.31. அலாரம் வைத்து எழும்பினேன். எதற்கு என்று கேட்காதீர்கள். கையில் புத்தகம் இல்லை, ஊரிலேயே இல்லை. லாம்பைக்கூடக் கொளுத்தாமல் படுக்கையில் இருந்து, இப்போது யாரோ ஒரு பிள்ளை முதல் பக்கத்தைத் திறக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கடல் பக்கமிருந்து கடற்படையின் டோராப் படகின் இரைச்சல் வந்துகொண்டிருந்தது. நாலு நாற்பதுக்குத் திரும்பவும் படுத்துவிட்டேன்.

பதினொரு பேரும் காசு சேர்த்தோம். கொழும்பில் வேலை பார்த்த ஒருத்தியின் அண்ணன் வாங்கி, பத்திரிகைத் தாளில் சுற்றி, பஸ்ஸில் கொண்டுவந்தார். வந்து சேர ஆகஸ்ட் நடுப்பகுதி ஆகிவிட்டது. வழியில் ஒரு சோதனைச் சாவடியில் சுற்றியிருந்த தாளைப் பிரித்து, புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்து உதறி, முதுகுப் பக்கத்து இடைவெளிக்குள் பேனையை விட்டுப் பார்த்தார்களாம். அந்தப் பேனைக்கோடு முதுகின் உள்ளே கடைசிவரை நீலமாய்த் தெரிந்தது. எங்களுக்கு அதுதான் முதல் ஹோர்க்ரக்ஸ்.

யார் முதலில் வாசிப்பது என்று சீட்டுக் குலுக்கினோம். சீஆர் கொப்பியின் பின்பக்கத்தில் பெயர்களை வரிசையாக எழுதி, ஆளுக்கு மூன்று நாள் என்று முடிவு. விதிமுறைகளும் இருந்தன. முடிவை வெளியே விட்டவன் அடுத்த எந்தப் புத்தகத்துக்கும் கடைசி ஆள். கடற்கரைக்குக் கொண்டுபோகக் கூடாது, ஏனென்றால் நம்மூர் மான்கள் தாள் கண்டால் சும்மா போகாது. ஆங்கிலம் ஓடாதவர்களுக்கு, வாசித்தவர்கள் அன்றன்றைக்கு வாசித்த அளவைத் தமிழில் சொல்ல வேண்டும், அதற்கு மேல் ஒரு வரிகூடச் சொல்லக் கூடாது. ரியூசன் கொட்டிலின் பின் வாங்கில் அப்படி எத்தனையோ பின்னேரம். உங்களில் யாரும் எங்களுக்கு இரவல் முறை சொல்லித் தரவில்லை. ஆனால் மூன்று நாளுக்கு மேல் அந்தப் புத்தகம் யாரிடமும் தங்கவில்லை.

சீட்டில் எனக்கு விழுந்தது பத்து. ஒன்பதாவது, மூதூர்ப் பக்கமிருந்து இடம்பெயர்ந்து வந்து சின்னம்மா வீட்டில் தங்கியிருந்த பிள்ளை. புத்தகம் அவள் கையில் இருந்த இரண்டாம் நாள், அந்தக் குடும்பம் கிளிவெட்டி முகாமுக்குப் போக வேண்டி வந்தது. ஒரு பின்னேரத்துக்குள் எல்லாம் நடந்து முடிந்தது. புத்தகமும் போய்விட்டது. அவளில் எனக்கு ஒருநாளும் கோபம் வந்ததில்லை. மூன்று நாள் கணக்கு முகாமில் யாருக்கு? ஆறுதலாக வாசித்து முடித்திருப்பாள்.

எனக்கும் பதினொராவது ஆளுக்கும்தான் ஒன்றும் இல்லாமல் போனது. என் முகத்தைப் பார்த்து இரங்கி, வரிசையில் ஐந்தாவதாக வாசித்தவன் விதியை மீறி முழு முடிவையும் சொன்னான். யார் செத்தது, மந்திரப் பள்ளி ஆசிரியர் ஸ்னேப் நல்லவனா கெட்டவனா, எல்லாம். 2013 இல் பேராதனைப் பல்கலைக்கழக நூலகத்தில் அந்தப் புத்தகம் முதல் தடவையாக என் கைக்கு வந்தது. இரண்டு இரவில் முடித்தேன். அப்போதுதான் தெரிந்தது, அவன் சொன்னதில் பாதிக்கு மேல் புத்தகத்திலேயே இல்லை. படுபாவி 607 பக்கத்தையும் வாசிக்கவில்லை. நடுவில் விட்டுவிட்டு, மிச்சத்தைத் தானே கட்டிச் சொல்லியிருக்கிறான். ஆறு வருடம் நான் ஸ்னேப்பைப் பற்றிப் பிழையாக நம்பிக்கொண்டிருந்தேன். (எது பிழை என்று இங்கே எழுதமாட்டேன். ஏழாவது புத்தகத்துக்குக் காத்திருக்கிற பிள்ளை ஒன்று இதை வாசிக்கும்.)

இடையில் 2008 இல் ஒரு நூலகத்துக்கு அந்தப் புத்தகம் வந்திருந்தது. கண்ணால் கண்டேன். கண்ணாடி அலுமாரிக்குள், உசாத்துணை, அதாவது இரவல் கொடுக்காதது, என்று சிவப்பு ஒட்டுத்தாள் போட்டு, ஒரு கலைக்களஞ்சியத்துக்கும் அகராதிக்கும் நடுவே. கதைப் புத்தகம் எப்படி உசாத்துணை ஆகும் என்று கேட்டேன். விலை கூடினது, வெளியில் விட்டால் திரும்பி வராது என்றார்கள். அப்படியானால் இங்கேயே இருந்து வாசிக்கிறேன் என்றேன். அலுமாரித் திறப்பு பொறுப்பாளரிடம் இருக்கிறது, அவர் லீவு என்றார்கள். அடுத்த கிழமையும் அவர் லீவு. ஓ/எல் சோதனை நெருங்கியது, நானும் போவதை விட்டுவிட்டேன். இப்போது அங்கே கேட்டால் அப்படியொரு புத்தகம் இருந்ததாகவே பதிவு இல்லை. வெளியில் விடாமல் பாதுகாத்த புத்தகம் எங்கேதான் போனது?

நான் சொல்ல வந்தது இதுதான். தொடர்கதை என்றால் ஏழு புத்தகம் இல்லை. ஏழு துண்டாகக் கட்டின ஒரே புத்தகம். ஆறை வைத்துக்கொண்டு ஏழாவது இல்லாமல் இருப்பதும், ஒரு புத்தகத்தின் கடைசி நூறு பக்கத்தைக் கிழித்துவிட்டுத் தட்டில் அடுக்கி வைப்பதும் பிள்ளைக்கு ஒன்றுதான். ஹரி பொட்டரோடு மட்டும் இது நிற்கவில்லை. உங்கள் சிறுவர் பகுதிக்குப் போய் ஒரு தடவை பாருங்கள். மந்திரக் கதை, துப்பறியும் கதை, சித்திரக்கதை எதுவானாலும் முதலாம் பாகம் இரண்டு மூன்று பிரதி கிடக்கும், கடைசிப் பாகம் இருக்காது.

இது ஏன் நடக்கிறது என்று எனக்கும் விளங்குகிறது. லண்டனிலும் கனடாவிலும் இருக்கிற எங்கள் ஆட்கள் பெட்டி பெட்டியாக அனுப்புகிறார்கள். வீட்டுப் பிள்ளை வளர்ந்ததும் ஒதுக்கினவை, அதில் முதல் பாகங்கள்தான் கூட. செப்ரெம்பரில் கொழும்புப் புத்தகக் கண்காட்சியில் கழிவு விலைக்கு அள்ளும்போது எது எங்களிடம் இருக்கிறது, எது இல்லை என்று யாரும் கையில் பட்டியல் கொண்டு போவதில்லை. குற்றம் சொல்லவில்லை, நடப்பதைச் சொல்கிறேன்.

ஆனால் சில விசயம் காசே இல்லாமல் செய்யலாம். என் பெறாமகள் போகிற இடத்தில் முதல் மூன்று புத்தகமும் சிறுவர் பகுதியில். நாலாவதும் ஐந்தாவதும் மேல்மாடியில், பெரியவர்கள் பகுதியில். காரணம் கேட்டேன், தடிப்பாம். முதல் புத்தகம் 223 பக்கம், நாலாவது 636 பக்கம், உண்மைதான். நூலகத்தில் புத்தகங்களை வகை பிரிக்கிற டூவி எண் 823 என்றால் ஆங்கிலப் புனைகதை. தடித்தது மெலிந்தது என்று அதில் பிரிவு கிடையாது. சிறுவர் அட்டைக்கு மேல்மாடிப் புத்தகம் இல்லை என்றதால் நான் என் அட்டையில் எடுத்துக் கொடுத்தேன். ஆறாவதை வகுப்புத் தோழியிடம் வாங்கினாள். சித்தி இல்லாத பிள்ளைக்குக் கதை மூன்றாம் புத்தகத்தோடு முடிந்தது. ஒரு பிற்பகல் ஒதுக்கி எல்லாவற்றையும் ஒரே தட்டுக்குக் கொண்டுவந்தால் என்ன?

இன்னொன்று, வாசலில் இருக்கிற அறிவித்தல் பலகையில் ஒரு தாள். "எங்களிடம் இல்லாத பாகங்கள்" என்று எழுதி, கீழே பெயரும் பாக எண்ணும். அந்தத் தாளைப் படம் எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்புங்கள். பெட்டி அனுப்பும் கைக்கு எதை அனுப்புவது என்று சொல்லித்தர ஆள் வேண்டும், அவ்வளவுதான். இருக்கிற சிறு காசில் இருபது புதிய தலைப்பு வாங்காமல் ஐந்து வாங்கி, மிச்சத்தில் ஓட்டைகளை அடையுங்கள். ஒக்ரோபரில் தேசிய வாசிப்பு மாதம் வருகிறது. வழக்கம்போலப் பதாகை, பேச்சுப் போட்டி, பிரமுகருக்குப் பொன்னாடை. ஒரு வருடத்துக்குப் பொன்னாடையை விட்டுவிட்டு ஒரு தொடரை முழுமையாக்கலாம். பிரமுகர் கோபிக்கமாட்டார், கோபித்தாலும் பரவாயில்லை.

"நீயே வாங்கிக் கொடுக்கலாமே" என்று உங்களில் யாராவது நினைக்கலாம். கொடுக்கலாம். வேலை பார்க்கிறேன், ஒரு புத்தகம் என்னால் முடியும். ஆனால் என் பெறாமகளோடு சேர்ந்து வாசிக்கிற பக்கத்து வீட்டுப் பிள்ளையின் அப்பா கடலுக்குப் போகிறவர். காற்று அடித்தால் வீட்டில் அடுப்பு யோசித்துத்தான் எரியும். அந்தப் பிள்ளைக்கு இந்த மாவட்டத்தில் உங்களை விட்டால் வேறு புத்தகக் கடை இல்லை. அவள்தான் இப்போது அங்கே எல்லோருக்கும் கதையைத் தமிழில் சொல்கிறவள். ஆறாவதோடு நிற்கிறது. அடுத்தது என்ன என்று சின்னதுகள் நச்சரிக்க, தானே கட்டிச் சொல்லத் தொடங்கிவிட்டாள் என்று கேள்வி. அதில் மந்திரப் பள்ளித் தலைமையாசிரியர் டம்பிள்டோர் நிலாவெளிக்கு வந்து போகிறாராம்.

புத்தகம் வந்து சேர்ந்தால் தயவுசெய்து அலுமாரியில் பூட்ட வேண்டாம். காத்திருப்பவர்களின் பெயரை எழுத ஒரு கொப்பி போடுங்கள், பின்பக்கம் போதும். பதில் எழுதுவதானால் புத்தகத்தின் பதிவெண்ணையும் சேர்த்து எழுதிவிடுங்கள். "பார்க்கிறோம்" என்று மட்டும் எழுதினால் பெறாமகள் நம்பமாட்டாள். நம்பர் இருக்கிறதா என்றுதான் கேட்பாள்.

இப்படிக்கு,
வரிசையில் பத்தாவதாக இருந்த ஒருத்தி,
திருகோணமலை.